புகாரெல்லாம் இல்லீங்க

போன வாரம் பிரியா என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோயமுத்தூர் மோட்டார் சைக்கிள் ஷோரூமில், நான் உட்கார்ந்திருந்த குறை கேட்கும் மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். இப்போது மேசைக்கு யாரும் வருவதில்லையாம். ஆப் ஒன்று இருக்கிறது, அதில் நட்சத்திரம் குத்துகிறார்கள். பிரியா அனுப்பிய படத்தில் ஒரு வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரமும் குத்திவிட்டு, கீழே இப்படி எழுதியிருந்தார்: "வண்டி அருமைங்க. சர்வீஸ் செஞ்ச தம்பிக ரொம்ப மரியாதைங்க. முன் பிரேக்கு மட்டும் அப்பப்போ பிடிக்கறதில்லீங்க. மத்தபடி நன்றிங்க."

"மேடம், இது பாராட்டா, புகாரா? கம்ப்யூட்டர் பாராட்டுன்னு எடுத்துக்கிருச்சு" என்று பிரியா கேட்டிருந்தாள். அவள் மதுரைக்காரி. அவள் ஊரில் பிரேக் பிடிக்காவிட்டால் அது வேறு மாதிரி எழுதப்படும்.

நான் உடனே அவளைக் கூப்பிட்டேன். "அந்த மனுஷனுக்கு இப்பவே போன் பண்ணு. வண்டியில என்ன குறைன்னு கேட்காதே. சொந்தக்காரர் யாராவது கேட்டா அந்த வண்டியை இரவல் குடுப்பாரான்னு மட்டும் கேளு" என்றேன். சரிங்க மேடம் என்றாள். ரிட்டயர் ஆனதில் எனக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பி.காம். முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் தெரியும் என்ற ஒரே தகுதியில் ஆர்.எஸ்.புரத்தில் இருந்த அந்த ஷோரூமில் சேர்ந்தேன். முதலில் பில் போட்டேன், பிறகு உதிரிபாக ஸ்டோர், பிறகு குறை கேட்கும் மேசை. மேசைக்கு மாற்றும் முன் கம்பெனி என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் மொத்தப் பயிற்சியும். அவர் கத்தும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, தலையை மெதுவாக ஆட்ட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவரே மேசையைத் தட்டிக் கத்திக் காட்டினார். நாங்கள் மாறி மாறித் தலையாட்டிப் பழகினோம்.

கோயமுத்தூருக்குத் திரும்பி வந்து, யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர்கூடக் கத்தவில்லை. வருகிறவர் முதலில் என் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். பிறகு வண்டி தங்கமாட்டம் ஓடுது என்பார். எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி, "ஒண்ணுமில்லீங்க அம்மணி, சும்மா சொல்றேன், நேத்து ஓடிட்டிருக்கறப்பவே செயின் கழண்டு உளுந்துருச்சுங்க" என்பார். நான் பேனாவை எடுத்து, "புகாரா எழுதிக்கட்டுங்களா?" என்பேன். "ஐயோ, புகாரெல்லாம் இல்லீங்க!" என்று நான் அவர் மேல் கேஸ் போடப் போவதைப் போலப் பதறுவார்.

கம்பெனி கொடுத்த படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் முக்கியம். வாடிக்கையாளர் புகார் செய்கிறாரா, ஆம் அல்லது இல்லை. அவரே இல்லை என்று சொன்ன பிறகு நான் ஆம் என்று போட முடியாது. மெக்கானிக் வண்டியைச் சரி செய்து அனுப்பிவிடுவார், கட்டத்தில் இல்லை என்று இருக்கும். எங்கள் பங்குச் சாமியாரிடம் ஒருமுறை இதைச் சொல்லிப் புலம்பினேன். "பாவசங்கீர்த்தனத்துக்கு வர்றவங்களே 'பெருசா ஒண்ணுமில்லீங்க சாமி'ன்னுதான் ஆரம்பிக்கறாங்க, நீ வேற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதன் பலனாக எங்களுக்கு ஒரு கேடயம் வந்தது. மாநிலத்திலேயே குறைவான புகார் வந்த ஷோரூம் என்று பித்தளையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். முதலாளி அதை வாசலில் மாட்டச் சொன்னார். மாட்டுவதற்கு ஸ்டூல் மேல் ஏறியவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் ரங்கநாதன் சார். இறங்கி நின்று, தள்ளிப் போய்ப் பார்த்து, "நல்லா இருக்குது. பொய்யி, ஆனா நேராத் தொங்குது" என்றார்.

ரங்கநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஸ்பின்னிங் மில் வைத்திருந்த தெலுங்குக் குடும்பம். மில் மூடியபோது மிச்சமிருந்தது மெஷின் சத்தம் கேட்கும் காது ஒன்றுதான் என்பார். குரலை உயர்த்த மாட்டார். யாரிடமும் எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து யார் போன் செய்து எதைச் சொன்னாலும் "செஞ்சரலாமுங்க" என்பார், செய்ய மாட்டார். எந்த விஷயத்தைப் பேசுவதற்கு முன்பும் காபி வர வேண்டும். டம்ளரைக் காலி செய்து கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஷோரூம் கூரை ஒழுகிய அன்றும் அப்படித்தான். நாங்கள் எல்லாரும் அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு ஈரத்தில் நின்றிருந்தோம்.

இரவல் கேள்வி அவருடையது. என் மேசைக்கு வந்து எல்லாம் அருமை என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் ஆளை ரங்கநாதன் சார் வாசலில் பிடித்துக்கொள்வார். "ஏனுங்க, உங்க மச்சினர் ஒரு நாளைக்கு இந்த வண்டியைக் கேட்டா குடுப்பீங்களா?" என்பார். உடனே அந்த ஆள் யோசிப்பார். "குடுக்கலாமுங்க, குடுக்காம என்ன. ஆனா மூணாவது கியர்ல வச்சு முறுக்காதேன்னு சொல்லிக் குடுக்கோணும். மழையில எடுக்க வேண்டாம்னு சொல்லோணும்" என்று ஒவ்வொன்றாக வரும். நான் பின்னால் நின்று எழுதிக்கொள்வேன். தனக்கு ஒரு குறை என்றால் வாய் திறக்காத மனிதர், அடுத்தவருக்கு ஒன்று ஆகிவிடுமோ என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். எனக்கு இதில் எரிச்சல்தான் வரும். சாருக்கு வந்ததில்லை. அவர் எங்கள் ஊர் ஆட்களின் குணத்தை அப்படியே ஒரு கருவியாக எடுத்து உபயோகித்தார்.

இப்படி இருக்கையில் ஒரு மாடலுக்குக் கம்பெனி ரீகால் அறிவித்தது, விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப வரவழைத்துச் சரி செய்து கொடுக்க வேண்டும். புகார் எங்கள் ஊரிலிருந்து போகவில்லை என்று சொல்லத் தேவையில்லை. வடக்கே எங்கோ நன்றாகக் கத்தத் தெரிந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். விஷயம் இதுதான். ஹேண்டில்பாரை ஒரு பக்கமாகக் கடைசி வரை திருப்பினால், முன் பிரேக்குக்கு ஆயில் போகும் ஹோஸ், அதாவது ரப்பர் குழாய், ஒரு கிளிப்பில் இழுபட்டு உரசும். நாளாக ஆக அது வெடித்து ஆயில் கசியும். முதலில் பிரேக் மெத்தென்று ஆகும், இரண்டு மூன்று தடவை அமுக்கினால் பிடிக்கும். ஒரு நாள் எத்தனை தடவை அமுக்கினாலும் பிடிக்காது. ஹோஸை மாற்றிக் கிளிப்பை நகர்த்தி வைப்பது ஒரு காபி குடிக்கும் நேரத்து வேலை.

ஆனால் ஆபத்து என்ற சொல்லையோ குறை என்ற சொல்லையோ வாயில் எடுக்கக் கூடாது என்று கம்பெனி எங்களுக்குச் சொல்லியிருந்தது. "இலவசப் பரிசோதனைக்கு அன்புடன் அழைக்கிறோம்" என்றுதான் சொல்ல வேண்டும். கோயமுத்தூர்க்காரரிடம் போய் அன்புடன் அழைத்தால் என்ன சொல்வார்? "இருக்கட்டுமுங்க, முதல்ல மத்தவங்களுக்குப் பாத்துக் குடுங்க. நாங்க மெதுவா வாரோம்." ஆளாளுக்கு அடுத்தவருக்கு வழி விட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். போன் பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் சொல்லக் கூடாத சொற்களை எல்லாம் சொல்லி, கெஞ்சி, அதட்டி, கிட்டத்தட்ட எல்லா வண்டிகளையும் வரவழைத்தேன். ஒரு வண்டி வரவில்லை.

அந்த வண்டி எனக்கு நன்றாக நினைவிருந்தது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் பழனிச்சாமி என்பவர் தன் மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சீராக வாங்கியது. டெலிவரி அன்று ஹெட்லைட்டே தெரியாத அளவுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எங்கள் கேடயத்தின் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். வண்டி பழனிச்சாமி பெயரில் இருந்தது. ஓட்டுகிறவர் மாப்பிள்ளை கார்த்திக். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே அபார்ட்மெண்ட்டில் குடித்தனம்.

பழனிச்சாமிக்குப் போன் செய்தேன். மறுநாள் அவரே நேரில் வந்து என் மேசை முன் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, மாப்பிள்ளைகிட்ட இதை எப்படிங்க சொல்றது? மாமனாரு ஓட்டை வண்டியைக் குடுத்துப்போட்டாருன்னு ஆயிருமுங்களே."

"வண்டி செஞ்சது கம்பெனிங்க. நீங்களா செஞ்சீங்க?"

"குடுத்தது நானுங்களே" என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். மாப்பிள்ளை ஆபீஸில் இருக்கும் நேரம் எங்கள் மெக்கானிக் அந்த பார்க்கிங்குக்குப் போய், யாருக்கும் தெரியாமல் ஹோஸை மாற்றிவிட்டு வந்துவிட முடியுமா? வண்டித் திருடன் செய்கிற வேலையை வாரண்டியில் செய்து கொடுக்கக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

சரி என்று கார்த்திக்கையே கூப்பிட்டேன். நேரடியாகச் சொன்னேன், தம்பி, பிரேக் ஹோஸ் மாத்தியாகணும் என்று. "நம்ம வண்டிக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். மாமா பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்த வண்டிங்க" என்றார். அவர் கவலை பிறகுதான் எனக்குப் புரிந்தது. வண்டி மாமனார் பெயரில் இருக்கிறது. ஷோரூமில் விட்டால் மாமனாருக்கு மெசேஜ் போகும். கொடுத்த சீரில் குறை கண்டுபிடித்த மாப்பிள்ளை என்று பேர் வந்துவிடும். ஆக, மாமனார் மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்கிறார். மாப்பிள்ளை மாமனாருக்குத் தெரியக் கூடாது என்கிறார். நடுவில் ஹோஸ் தேய்ந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பழனிச்சாமி மறுபடி போன் செய்தார். "நான் சொல்லிப்போடறேனுங்க அம்மணி, அவசரப்படாதீங்க. ஞாயித்துக்கெழமை கோத்தகிரியில நம்ம சொந்தத்துல ஒரு கண்ணாலம். புள்ளையும் மாப்பிள்ளையும் வண்டியிலயே போயிட்டு வாராங்களாமா. வந்ததுக்கப்புறம் பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்றார்.

கோத்தகிரி என்றதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஊருக்குள் ஓட்டுகிறவர் ஹேண்டிலைக் கடைசி வரை எங்கே திருப்பப் போகிறார், பார்க்கிங்கில் திருப்பினால் உண்டு. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் திருப்பியாக வேண்டும். இறங்கும்போது இரண்டு பேர் பாரத்தோடு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டும். ஓடிப் போய் ரங்கநாதன் சாரிடம் சொன்னேன். அவர் கையில் பாதி டம்ளர் காபி இருந்தது. அதை அப்படியே கீழே வைத்துவிட்டுத் தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ சொன்னார். அவர் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்குப் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை பழனிச்சாமியையும் வரச் சொல்லிவிட்டு, நானும் சாரும் ஷோரூம் வேனில் சரவணம்பட்டிக்குப் போனோம். எப்படியும் நானே சொல்லிவிடுகிறேன் என்று பழனிச்சாமி வாசலில் எங்களுக்குச் சத்தியம் செய்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். நூல் விலை பற்றிப் பேசினார். அபார்ட்மெண்ட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். கார்த்திக் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க மாமா" என்றார். அவர் மனைவி நந்தினி காபி கொண்டுவந்தாள், முறுக்கு கொண்டுவந்தாள், அதிரசம் கொண்டுவந்தாள், எதற்கு வந்திருக்கிறோம் என்று மட்டும் கேட்கவில்லை. வந்தவர்களை எதற்கு வந்தீர்கள் என்று எப்படிக் கேட்பது?

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அந்த பிரேக் ஹோஸ்" என்று ஆரம்பித்தேன். "பாத்துக்கலாமுங்க மேடம், திங்கக்கெழமை கொண்டாந்தர்றேன். நீங்க முறுக்கு எடுத்துக்கங்க" என்றார் கார்த்திக். பழனிச்சாமி சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் உட்கார வைத்து மண்டையில் நறுக்கென்று குட்டலாமா என்றிருந்தது.

சார் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார்.

"தம்பி, எனக்கு லேசாத் தலை வலிக்குது. மெடிக்கல் ஷாப் வரைக்கும் போகோணும். உங்க வண்டியைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"எடுத்துக்கங்க சார், இதுக்குப் போயி கேட்டுட்டு" என்று கார்த்திக் உடனே சாவியை எடுத்துக் கொடுத்தார். சார் வாங்கிக்கொண்டு மெதுவாகச் செருப்பு மாட்டினார். கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார்.

"சார், ஒரு நிமிஷமுங்க!" கார்த்திக் எழுந்து ஓடினார். "முன் பிரேக்கை மட்டும் நம்பிப்போடாதீங்க. மூணு நாலு தடவை அமுத்திட்டே வந்தாத்தான் பிடிக்குது. திருப்பத்துல ஒடிச்சீங்கன்னா சுத்தமாவே போயிருது. பெரியவரு நீங்க, பாத்துப் போயிட்டு வாங்க."

 பழனிச்சாமி மின்விசிறியை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். சமையலறை வாசலில் நந்தினி தட்டோடு நின்றிருந்தாள்.

"என்னங்க சொன்னீங்க இப்ப?"

"ஒண்ணுமில்ல நந்து..."

"மெடிக்கல் ஷாப்புக்குப் போறவருக்குச் சொல்றீங்க. நாளைக்கு உங்க பின்னாடி உக்காந்து மலை ஏறப்போறவ நானு. எனக்கு ஏஞ் சொல்லலை?"

"மாமா ஆசையா வாங்கிக் குடுத்தது. குறை சொன்னா அவரு மனசு..."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"மாப்பிள்ளை சங்கடப்பட்டுப்போடுவாங்கன்னுதான் கண்ணு..."

தட்டு டீபாய் மேல் விழுந்தது. "ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பாத்துட்டு என்னையக் கொண்டுபோயி பள்ளத்துல தள்ளப் பாத்தீங்களா ரெண்டு பேரும்? நான் செத்துப்போயிருந்தா அப்பவாச்சும் பேசியிருப்பீங்களா, இல்ல எழவு ஊட்லயும் வாங்க, உக்காருங்கன்னு மரியாதை பண்ணிட்டு இருந்திருப்பீங்களா?" பிறகு எங்கள் பக்கம் வந்தாள். "நீங்களும்தான்! இப்படியொரு வண்டியை வித்துப்போட்டு, வந்து உக்காந்து முறுக்குத் தின்னுட்டிருக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" இவ்வளவு கோபத்திலும் அந்த ங்க விடுபடவில்லை.

என் வேலைக்காலத்தில் என்னிடம் கத்திய முதல் வாடிக்கையாளர் அவள்தான். சென்னைப் பயிற்சி முழுக்க மறந்துவிட்டது. கண்ணைப் பார்ப்பதா, தண்ணீர் கொடுப்பதா? வாயில் வேறு முறுக்கு. அவசரமாக விழுங்கிவிட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

"புகாரா எழுதிக்கட்டுங்களா அம்மணி?"

"எழுதுங்க. நல்லாப் பெருசா எழுதுங்க."

"நந்து, அதெல்லாம் எதுக்கு..." என்றார் கார்த்திக். "அம்மணி, புகாரெல்லாம்..." என்றார் பழனிச்சாமி. அவள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் அடங்கினார்கள். ஆம் என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன். பேனா அந்தப் பக்கம் போய்ப் பழக்கமில்லை.

எல்லாரும் கீழே பார்க்கிங்குக்கு இறங்கினோம். சார் வண்டி மேல் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல், ஹேண்டிலைக் கடைசி வரை திருப்பினார். பிரேக்கை அமுக்கினார். பிடித்தது. இன்னொரு தடவை அமுக்கினார். சின்னதாகப் பட்டென்று ஒரு சத்தம் வந்தது. பிரேக் லீவர் எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொண்டது. ஆயில் சாரின் பேண்ட்டில் வழிந்து தரையில் சொட்டியது. அவர் லீவரை விடவில்லை, எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நந்தினி அதற்கு மேல் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது எழுதும்போதும் அந்த லீவர் போய் ஒட்டியது கண்ணில் நிற்கிறது.

வண்டியை வேனில் ஏற்ற வேண்டும். "நீங்க உடுங்க மாமா, நான் தள்ளறேன்." "நீங்க உடுங்க மாப்பிள்ளை, சட்டை அழுக்காயிரும்." படியிலிருந்து நந்தினி, "தள்ளித் தொலைங்க!" என்றாள். தள்ளினார்கள்.

கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனார்களாம். மாமனாரும் மாப்பிள்ளையும் இன்னமும் அதே மரியாதைதான், நந்தினி முன்னால் மட்டும் கொஞ்சம் உண்மை பேசுகிறார்கள் என்று கேள்வி. அடுத்த ஆண்டு எங்களுக்குக் கேடயம் வரவில்லை. ஒரு புகார் பதிவாகியிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, வருத்தப்படாதே ஸ்டெல்லா என்றார். நான் வருத்தப்படவில்லை.

பிரியா அன்று சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டாள். ஐந்து நட்சத்திரக்காரரிடம் கேட்டுவிட்டாளாம். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "குடுக்கமாட்டனுங்க" என்றாராம்.

"ஏன் சார்னு கேட்டேன் மேடம். 'கேக்கறவங்க புள்ளகுட்டிக்காரங்களா இருப்பாங்க, பாவமுங்க'ன்னாரு. உங்களுக்குப் புள்ளைக இல்லையா சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'எனக்கும் ரெண்டு இருக்குதுங்க. அந்த வண்டியிலதான் பள்ளிக்கூடம் கொண்டுபோயி உடறேன்'னாரு."

உடனே வேனை அனுப்பு என்றேன். அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் பேசுகிறாளாம்.